நாலு ஃபெனிக் காசும் புரூனிங்கின் 26 மாதங்களும்

ஜெர்மனியின் பழங்காசு சேகரிப்பவர்களிடம் ஒரு வினோதமான வெண்கலக் காசைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் பெரிதாக 4. ஆண்டு 1932 மட்டும்தான். அதற்கு முன்னும் அடிக்கவில்லை, பின்னும் அடிக்கவில்லை. 1, 2, 5, 10 ஃபெனிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு) காசுகள் ஏற்கெனவே புழங்கிய நாட்டுக்கு நாலு ஃபெனிக் காசு எதற்கு?

ஐந்து ஃபெனிக்குக்கு விற்ற பொருளை நாலுக்கு விற்க வைக்கத்தான். கையில் நாலு ஃபெனிக் காசு இருந்தால் கடைக்காரரும் நாலு ஃபெனிக் விலை வைப்பார், மக்களும் சின்னத் தொகைகளில் நினைக்கப் பழகுவார்கள் என்று பெர்லினில் கணக்குப் போட்டார்கள். மக்கள் அதற்குப் ‘புரூனிங் தாலர்’ என்று பெயர் வைத்தார்கள். தாலர் என்றால் பழைய கனத்த வெள்ளி நாணயம்; இதுவோ வெண்கலச் சில்லறை. இன்னொரு பெயர் ‘ஏழை ஹைன்ரிஷ்’. 1933-லேயே புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அந்த ஹைன்ரிஷ், அதாவது ஹைன்ரிஷ் புரூனிங், ஜெர்மனியின் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, இருந்தது 1930 மார்ச் 30 முதல் 1932 மே 30 வரை. சரியாக 26 மாதம். ‘பசிச் சான்சலர்’ என்பதுதான் அவருக்கு நிலைத்த பெயர். அவரைப் பற்றிப் பொதுவாக இரண்டே கதைகள் சொல்வார்கள்: பொருளாதாரம் தெரியாமல் நாட்டைப் பட்டினி போட்டு ஹிட்லருக்கு வழிவிட்ட முட்டாள் என்பது ஒன்று, கையைக் கட்டிப்போட்ட நிலையில் வேறு வழியே இல்லாமல் நின்ற நல்லவர் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி சரி. எந்தப் பாதி எப்போது சரி என்பதைத் தேதி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1931 இலையுதிர் காலம் வரை அவருடைய கைகள் உண்மையிலேயே கட்டப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு கட்டு தளர்ந்தது. அவர்தான் கையை எடுக்கவில்லை.

ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1885 நவம்பர் 26, வெஸ்ட்ஃபாலியாவின் மூன்ஸ்டர் நகரில், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா காடி தயாரிப்பும் ஒயின் வியாபாரமும் செய்தவர். மகனுக்கு ஒரு வயது ஆனபோதே இறந்துவிட்டார். ஸ்ட்ராஸ்பூர்க், லண்டன், பான் என்று ஊர் ஊராகப் படித்து, 1915-ல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள் பிரிட்டிஷ் ரயில்வேயை அரசுடைமையாக்குவது. உடனே போருக்குப் போனார். கடைசியில் இயந்திரத் துப்பாக்கிக் கம்பெனி ஒன்றின் தலைவர், இரும்புச் சிலுவை இரண்டு வகுப்பும் பெற்றவர். போருக்குப் பிறகு கிறிஸ்தவத் தொழிற்சங்கங்களின் நிர்வாகச் செயலாளராகப் பத்து வருடம். 1924-ல் பிரெஸ்லாவ் தொகுதியிலிருந்து ரைக்ஸ்டாக் (ஜெர்மன் நாடாளுமன்றம்) உறுப்பினர், 1929-ல் கத்தோலிக்க மையக் கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மெலிந்த உருவம், மூக்குக் கண்ணாடி, கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரியாத பேச்சு. பட்ஜெட் புள்ளிவிவரம்தான் அவருடைய கலை. குடியரசுத் தலைவராக இருந்த பழைய போர்த்தளபதி, கிழவர் ஹிண்டன்பர்குக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் பட்ஜெட் இல்லை, இயந்திரத் துப்பாக்கி.

அரை சதவீதத்தில் கவிழ்ந்த அரசு

புரூனிங்குக்கு முன் இருந்தது சோஷலிஸ்ட் ஹெர்மான் முல்லரின் பெருங்கூட்டணி. அது கவிழ்ந்தது வேலையின்மைக் காப்பீட்டுச் சந்தாவால். கூலியில் 3.5 சதவீதம், பாதி தொழிலாளி, பாதி முதலாளி. அதை 4 வரை உயர்த்தலாமா என்பதுதான் சண்டை. சமரச யோசனை ஒன்றைக் கொண்டுவந்தவரே புரூனிங்தான். சோஷலிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கவில்லை; 1930 மார்ச் 27-ல் முல்லர் ராஜினாமா. மூன்றாம் நாள் புரூனிங் சான்சலர். அதே சந்தாவை அவர் அந்தக் கோடையில் 4.5 ஆக்கினார், அக்டோபரில் 6.5 ஆக்கினார். எந்த அரை சதவீதத்துக்காக ஓர் அரசு போனதோ, அதைப் போல ஆறு மடங்கு ஆறே மாதத்தில் ஏறியது.

ஏன் ஏற வேண்டியிருந்தது என்பதற்கு அந்தக் காப்பீட்டின் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். 1927-ல் சட்டம் போட்டபோது சுமார் 8 லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தால் தாங்கும் என்றுதான் வடிவமைத்தார்கள். 1930 ஜனவரியில் பதிவானவர்கள் 32 லட்சம். 1932 பிப்ரவரியில் 61 லட்சத்தைத் தாண்டியது. வேலையில் இருப்பவர் குறையக் குறையச் சந்தா வருமானம் குறையும், வாங்குபவர் கூடக் கூடச் செலவு ஏறும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி.

வேலை போனவருக்கு மூன்று படிகள் இருந்தன. முதல் படி காப்பீடு. 26 வாரம் வரை, சந்தா கட்டிய உரிமையில் வாங்கும் பணம். அது தீர்ந்தால் ‘நெருக்கடி உதவி’. இதில் ஐந்தில் நாலு பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு நகராட்சி. அதுவும் தீர்ந்தால் மூன்றாம் படி, நகராட்சியின் ஏழை உதவி. இங்கே உரிமை கிடையாது. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், தேவை உண்டா என்று விசாரிப்பார், சொந்தக்காரர் சம்பாதிக்கிறாரா என்று கேட்பார். செலவு முழுக்க நகராட்சி தலையில்.

மத்திய பட்ஜெட்டைச் சமன் செய்ய வேண்டுமென்றால் சுலபமான வழி என்ன? மேல் படியில் வாரங்களைக் குறை, தகுதி விதிகளை இறுக்கு. ஆள் கீழ்ப்படிக்கு விழுவார். பெர்லினின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவு காணாமல் போகும். நகராட்சியின் புத்தகத்தில் முளைக்கும். நகராட்சிக்கோ காசு அச்சடிக்கவும் முடியாது, கடன் வாங்கவும் சந்தை இல்லை. அதனால் தெருவிளக்கை அணைத்தார்கள், ஊழியர் சம்பளத்தைத் தாமதப்படுத்தினார்கள், குறுகிய காலக் கடனைப் புதுப்பிக்க முடியாமல் திணறினார்கள். புரூனிங்கின் பட்ஜெட் சிக்கனத்தைப் பாராட்டுபவர்கள் மத்திய அரசின் வரவு செலவை மட்டும் காட்டுவார்கள். நகராட்சிகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். பதிவு செய்வதையே விட்டுவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

அவசரச் சட்டம் ஓடும் விதம்

புரூனிங்குக்கு ரைக்ஸ்டாக்கில் பெரும்பான்மை ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தது குடியரசுத் தலைவரின் கையெழுத்து. அன்றைய ஜெர்மனியின் வைமார் அரசியல் சட்டத்தின் 48-வது பிரிவு, பொது ஒழுங்குக்கு ஆபத்து வந்தால் தலைவர் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. அதில் ஒரு தடையும் உண்டு: எடுத்த நடவடிக்கையை உடனே ரைக்ஸ்டாக்குக்குத் தெரிவிக்க வேண்டும், ரைக்ஸ்டாக் சாதாரணப் பெரும்பான்மையில் கேட்டால் ரத்து செய்தாக வேண்டும். 25-வது பிரிவு தலைவருக்கு ரைக்ஸ்டாக்கைக் கலைக்கும் உரிமை தருகிறது. கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல்.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமான பிரிவுகள். சேர்த்து மாட்டினால் என்ன ஆகும் என்பதை 1930 ஜூலை காட்டியது. ஜூலை 16-ல் புரூனிங்கின் நிதி மசோதா தோற்றது. அதையே அவசரச் சட்டமாகப் போட்டார்கள். ஜூலை 18-ல் ரைக்ஸ்டாக் 236-க்கு 222 என்று அதை ரத்து செய்யச் சொன்னது. அதே நாளில் ரைக்ஸ்டாக் கலைக்கப்பட்டது. ஜூலை 26-ல், ரத்து செய்யச் சொல்ல ஆளில்லாத இடைவெளியில், கிட்டத்தட்ட அதே சட்டம் மறுபடி வந்தது. 48-வது பிரிவு போட்டதை மறுப்பவர்களை 25-வது பிரிவு வீட்டுக்கு அனுப்பும். வீட்டுக்குப் போன நேரத்தில் 48 மறுபடி வேலை செய்யும். எழுத்தளவில் சட்ட மீறல் என்று சொல்வது கடினம். ஆனால் இந்தப் பூட்டைத் திறக்கும் முறையை எல்லோரும் பார்க்கும்படி செய்து காட்டிவிட்டார்.

விலை உடனே கிடைத்தது. செப்டம்பர் 14 தேர்தலில் நாஜிகள் 12 இடத்திலிருந்து 107-க்குப் போனார்கள், கம்யூனிஸ்ட்கள் 54-லிருந்து 77-க்கு. அந்தத் தேர்தல் அந்த வருடம் நடந்தே ஆக வேண்டிய தேர்தல் இல்லை. பழைய ரைக்ஸ்டாக்குக்கு 1932 வரை ஆயுள் இருந்தது. புரூனிங் செய்த பிழைகளில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால் சம்பளக் குறைப்பை நான் சொல்லமாட்டேன், இந்தக் கலைப்பைத்தான் சொல்வேன்.

அதற்குப் பின் சோஷலிஸ்ட்கள் பயந்துபோய், அவருக்கு ஆதரவும் தராமல் எதிர்த்தும் வாக்களிக்காமல் ‘பொறுத்துக்கொள்ளும்’ நிலைக்கு வந்தார்கள். ரைக்ஸ்டாக் சுருங்கியது. 1930-ல் நிறைவேறிய சட்டம் 98, அவசரச் சட்டம் 5. 1931-ல் சட்டம் 34, அவசரச் சட்டம் 44.

அந்த 1930 ஜூலைச் சட்டத்துக்குள் இருந்ததைப் பிரித்துப் பார்ப்பது சுவாரசியம். அரசு ஊழியர் சம்பளத்தில் 2.5 சதவீதம் ‘நாட்டு உதவி’ப் பிடித்தம். பணக்காரர், ஏழை பார்க்காத தலைவரி. நோயாளி டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கினால் 50 ஃபெனிக். மணமாகாதவர்களுக்கு வருமான வரியில் 10 சதவீதம் கூடுதல். சட்டத்தைக் கொண்டுவந்த பிரம்மச்சாரிக்கும் சேர்த்துத்தான். பிறகு 1930 டிசம்பரில் அரசு ஊழியர் சம்பளத்தில் 6 சதவீத வெட்டு, 1931 ஜூனில் 4 முதல் 8 வரை, டிசம்பரில் மேலும் 9. மாதம் 300 மார்க் வாங்கிய குமாஸ்தாவுக்கு மொத்தத்தில் ஏறக்குறைய 60 மார்க் போயிற்று. விலைவாசியும் இறங்கியது என்பது உண்மை. ஆனால் அவருடைய கடன் தவணை இறங்கவில்லை.

மூன்று பூட்டுகள்

‘மந்தத்தில் அரசு கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டியதுதானே’ என்று இன்றைக்கு எளிதாகக் கேட்கிறோம். 1930-ல் பெர்லினில் உட்கார்ந்து அந்தக் கடனை யாரிடம் வாங்குவது என்று யோசித்தால் பூட்டுகள் தெரியும்.

ஒன்று, மத்திய வங்கி. அதன் பெயர் ரைக்ஸ்பாங்க். ரைக்ஸ்பாங்க் சட்டம் 1924-ல், போர் இழப்பீட்டுத் தவணைகளை வகுத்த டாஸ் திட்டத்தோடு வந்தது. வெளியிடும் நோட்டுக்கு 40 சதவீதம் தங்கமும் அந்நியச் செலாவணியும் ஈடாக இருக்க வேண்டும். அரசுக்குக் கொடுக்கக்கூடிய கடன் 10 கோடி மார்க்கோடு சரி. பல நூறு கோடி பட்ஜெட் போடும் நாட்டுக்கு 10 கோடி என்பது கைச்செலவு. மார்க்கின் தங்க மதிப்பை மாற்றுவதில்லை என்று அதற்கு அடுத்து வந்த இழப்பீட்டுத் திட்டமான யங் திட்ட ஒப்பந்தத்தில் வேறு ஜெர்மனி உறுதி கொடுத்திருந்தது.

இரண்டு, வெளிநாட்டுக் கடன். உள்நாட்டில் நீண்ட காலக் கடன் பத்திரம் விலை போகவில்லை. 1930 அக்டோபரில் அமெரிக்காவின் லீ ஹிக்கின்சன் குழுமத்திடம் 12.5 கோடி டாலர் கிடைத்தது. நிபந்தனை: கடனை அடைக்கும் சட்டத்தை ரைக்ஸ்டாக் நிறைவேற்ற வேண்டும், அதற்கான பணத்தைப் பட்ஜெட்டில் ஒதுக்க வேண்டும். சிக்கனம் செய்யக் கடன் வாங்கவில்லை. கடன் வாங்கத்தான் சிக்கனம்.

மூன்று, நினைவு. 1923-ல் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று போன நாடு அது. ஏழு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. சேமிப்பு முழுக்கக் கரைந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், வாக்களித்தார்கள். ‘நோட்டு அச்சடிப்பது’ என்ற பேச்சு எழுந்தாலே வங்கி வாசலில் வரிசை நிற்கும் என்ற பயம் சும்மா கற்பனை இல்லை.

இதன் மேல், முதல் உலகப் போரில் தோற்றதற்காக வென்ற நாடுகளுக்குக் கட்ட வேண்டிய போர் இழப்பீடு. யங் திட்டப்படி 59 ஆண்டுத் தவணைகள், 1988 வரை, ஆண்டுக்குச் சராசரி 200 கோடி மார்க் அளவில். இதை ஒழிப்பதுதான் புரூனிங்கின் முதல் இலக்கு. வழி அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது: ஒப்பந்தத்தை நேர்மையாக நிறைவேற்றப் பாடுபடுவோம், பட்ஜெட்டைச் சமன் செய்வோம், விலையை இறக்குவோம், ஏற்றுமதியைக் கூட்டுவோம், அப்படியும் கட்ட முடியாது என்று உலகம் தன் கண்ணால் பார்க்கட்டும். இழப்பீட்டை ஒழிக்க வேண்டுமென்றே பசியை உண்டாக்கினார் என்று சிலர் எழுதுவது மிகை. வந்த பசியை வாதத்துக்குப் பயன்படுத்தினார், அதனால் அதைத் தணிக்க அவசரப்படவில்லை என்பது வரை சொல்லலாம்.

ஜூலை 13, 1931

அந்த வாதமே அவர் கையைச் சுட்டது. 1931 மே 11-ல் வியன்னாவின் கிரெடிட்-ஆன்ஸ்டால்ட் வங்கி தன் நஷ்டத்தை வெளியிட்டது. ஜூன் தொடக்கத்தில் புரூனிங் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டைப் பார்க்க அவருடைய ஓய்வு இல்லமான செக்கர்ஸ் போனார். அதே சமயம் பெர்லினில் இரண்டாவது பெரிய அவசரச் சட்டம் வந்தது. கூடவே, மக்களிடம் இனிப் பிடுங்க எதுவும் இல்லை என்ற பொருளில் இழப்பீடு பற்றி ஓர் அறிக்கை. உள்நாட்டில் கசப்பு மருந்தை விழுங்க வைக்கச் சொன்ன வார்த்தை அது. நியூயார்க்கிலும் லண்டனிலும் இருந்த கடன்காரர்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது: ‘ஜெர்மனி கொடுக்க மாட்டேன் என்கிறது’. குறுகிய காலப் பணம் வெளியே ஓட ஆரம்பித்தது.

ஜூன் 20-ல் அமெரிக்க அதிபர் ஹூவர் அரசுகளுக்கிடையிலான கடன்களுக்கு ஓராண்டு விடுப்பு அறிவித்தார். பிரான்ஸ் இணங்க ஜூலை 6 ஆயிற்று. இடையில் போன இரண்டு வாரத்தில் ரைக்ஸ்பாங்கின் கையிருப்பு கரைந்தது. பிரெமனின் நார்ட்வோலே என்ற கம்பளி நிறுவனம் சுமார் 20 கோடி மார்க் நஷ்டத்தை மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. அதற்கு மிக அதிகமாகக் கடன் கொடுத்திருந்தது டானாட் வங்கி. ரைக்ஸ்பாங்க் தலைவர் ஹான்ஸ் லூதர் கடன் கேட்டு விமானத்தில் லண்டன், பாரிஸ் என்று அலைந்தார். வெறுங்கை. ஜூலை 13 திங்கட்கிழமை டானாட் கதவு திறக்கவில்லை. மற்ற வங்கிகளின் வாசலில் கூட்டம் கூடியது. அடுத்த இரண்டு நாளும் நாடு முழுக்க வங்கி விடுமுறை.

இங்கே சிக்கல் எங்கே இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘வங்கிகள் திவாலாயின’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வங்கியிடம் நல்ல வணிக உண்டியல் (குறித்த தேதியில் பணம் தருவதாக எழுதிய சீட்டு) இருந்தால் அதை ரைக்ஸ்பாங்கிடம் கொடுத்துப் பணமாக்கலாம். ஆனால் உண்டியலில் மூன்று பொறுப்பான கையெழுத்து வேண்டும். சேமிப்பு வங்கிகளிடமும் மற்ற வங்கிகளிடமும் இருந்த பெரும்பாலான கடன்களுக்கு அப்படி மூன்றாவது கையெழுத்து கிடையாது. சொத்து இருக்கிறது, பணமாக்க முடியவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஜூலை கடைசியில் ‘ஏற்பு-உத்தரவாத வங்கி’ என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். அதன் வேலையே மூன்றாவது கையெழுத்துப் போடுவது. அது கையெழுத்திட்டால் ரைக்ஸ்பாங்க் வாங்கும். வாங்கினால் நோட்டு வெளியே வரும். வட்டி ஆகஸ்ட் 1-ல் 15 சதவீதம் வரை போனது. ஆகஸ்ட் 5-ல் பணம் எடுப்பது வழக்கத்துக்குத் திரும்பியது. 40 சதவீத ஈடு? அதற்கும் கீழே போயாயிற்று. வானம் இடிந்து விழவில்லை.

கூடவே அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வந்தது: அனுமதி இல்லாமல் யாரும் வெளிநாட்டுப் பணம் வாங்க முடியாது. செப்டம்பரில் வெளிநாட்டு வங்கிகளோடு குறுகிய காலக் கடன்களை நிறுத்திவைக்கும் ஒப்பந்தம். கணக்குப் பார்த்தால் முதல் பூட்டு இங்கேயே உடைந்துவிட்டது. தங்கத்தோடு மார்க் கட்டப்பட்டிருப்பது காகிதத்தில் மட்டும்தான். ஓட்டம் பிடிக்க வெளிநாட்டுப் பணத்துக்கு வழி அடைபட்டாயிற்று. ஓராண்டுக்கு இழப்பீடும் இல்லை.

செப்டம்பர் 21-ல் பிரிட்டன் பவுண்டைத் தங்கத்தோடு கட்டியிருந்ததை விட்டது. 20.43 மார்க்காக இருந்த பவுண்டு, ஆண்டு முடிவில் 14 மார்க்கை ஒட்டி வந்துவிட்டது. ஜெர்மன் ஏற்றுமதியாளர் அதே விலையில் போட்டி போட வேண்டுமென்றால் ஏறக்குறைய 30 சதவீதம் இறக்க வேண்டும். லண்டன் ஒரே நாளில் தொடங்கிவைத்ததைப் பெர்லின் ஒவ்வொரு சம்பளச் சீட்டாக, ஒவ்வொரு விலைப்பட்டியலாக வெட்டிச் செய்யப் பார்த்தது.

யோசனை இல்லாமல் இல்லை. லண்டன் முடிவுக்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 16, 17-ல், ரைக்ஸ்பாங்கில் லூதர் முன்னிலையில் பொருளாதார அறிஞர்கள் கூடினார்கள். பொருளாதார அமைச்சக அதிகாரி வில்ஹெல்ம் லாவுடன்பாக், மத்திய வங்கிக் கடனில் பொதுப்பணி நடத்தும் திட்டத்தை வைத்தார். 1932 ஜனவரியில் வொய்ட்டின்ஸ்கி, டார்னோ, பாடே மூவரும் தொழிற்சங்கத் தரப்பிலிருந்து 200 கோடி மார்க்கில் பத்து லட்சம் பேருக்கு வேலை என்று கணக்குக் கொடுத்தார்கள். புரூனிங்கின் பதில் மாறவில்லை: முதலில் இழப்பீடு ஒழியட்டும்.

1970-களின் முடிவில் வரலாற்றாசிரியர் க்னூட் போர்ஷார்ட், புரூனிங்குக்கு மாற்றுவழி இருக்கவில்லை என்று வாதிட்டு ஒரு பெரிய சண்டையைத் தொடக்கிவைத்தார். கார்ல்-லுட்விக் ஹோல்ட்ஃப்ரெரிஷ் போன்றோர் மறுத்தார்கள். 1931 ஜூலை வரை போர்ஷார்ட் சொல்வதை மறுப்பது கஷ்டம். செப்டம்பருக்குப் பிறகு அதை ஏற்பது கஷ்டம்.

டிசம்பர் 8: விலையை ஆணையிட்டு இறக்குதல்

நாலு ஃபெனிக் காசு பிறந்த இடம் 1931 டிசம்பர் 8-ன் நான்காவது அவசரச் சட்டம். கூட்டுப்பேர கூலி விகிதங்கள் எல்லாம் 1927 ஜனவரி 10 நிலைக்கு இறக்கம். கூட்டு விலை வைத்திருந்த ஆலைகள் விலையை 10 சதவீதம் குறைக்க வேண்டும். பழைய வீட்டு வாடகையிலும் 10 சதவீதம். 8 சதவீத வட்டிப் பத்திரம் இனி 6 சதவீதம். விற்பனை வரி மட்டும் மேலே போனது, 2 சதவீதத்துக்கு. விலையைக் குறைக்கச் சொல்லும் சட்டத்திலேயே விலையில் ஏறும் வரி! கண்காணிக்க விலை ஆணையராக லைப்சிக் மேயர் கார்ல் கோர்டெலர்.

எண்ணம் என்னவென்றால், கூலி, விலை, வாடகை, வட்டி நாலும் ஒரே அளவில் இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இறங்காத ஒன்று இருக்கிறது: கடனின் அசல். கணக்குக்காக ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். 10,000 மார்க் கடன், 8 சதவீதம், வருட வட்டி 800. மூட்டை 10 மார்க்குக்கு விற்றால் வட்டிக்கு 80 மூட்டை. விலை 7-க்கு இறங்கினால் 114 மூட்டை. சட்டம் வட்டியை 6 ஆக்கினால் 600 மார்க், 86 மூட்டை. அப்பாடா, கிட்டத்தட்டப் பழைய நிலை. ஆனால் அசல்? முன்பு 1,000 மூட்டை; இப்போது 1,429. நிலத்தின் விலையும் இறங்கிவிட்டதால் விற்றும் அடைக்க முடியாது.

இன்னொரு கோளாறு, எதிர்பார்ப்பு. அடுத்த மாதம் விலை இன்னும் இறங்கும் என்று அரசே சொன்னால் யார் இன்று வாங்குவார்கள்? கடைக்காரர் சரக்கு எடுக்கமாட்டார், ஆலை ஆளை நிறுத்தும், நிறுத்தப்பட்டவர் முதல் படிக்கு வருவார்.

அந்தச் சட்டத்தில் ஒரு மூலையில் இருந்த இன்னொன்று: இரண்டு லட்சம் மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர் நாட்டை விட்டுக் குடிபெயர்ந்தால் 25 சதவீத ‘வெளியேற்ற வரி’. பணம் ஓடுவதைத் தடுக்கப் போட்டது. 1933-க்குப் பிறகு நாஜிகள் வரம்பைக் குறைத்து, தப்பியோடும் யூதர்களைக் கொள்ளையடிக்க அதே வரியைப் பயன்படுத்தினார்கள்.

நூறு மீட்டர்

1932 வசந்தத்தில் புரூனிங் ஊர் ஊராகப் போய் 84 வயது ஹிண்டன்பர்குக்கு ஓட்டுக் கேட்டார். ஏப்ரல் 10-ல் கிழவர் 53 சதவீதம், ஹிட்லர் 36.8. வெற்றிதான். ஆனால் கிழவரின் மனத்தில் உறுத்தல்: தனக்கு வாக்களித்தவர்கள் சோஷலிஸ்ட்களும் கத்தோலிக்கர்களும், தன்னுடைய ஆட்கள் எதிர்ப்பக்கம். நன்றி சொல்ல வேண்டிய புரூனிங்கையே அவர் அந்த உறுத்தலுக்குப் பொறுப்பாளியாக்கினார்.

ஏப்ரல் 13-ல் நாஜிகளின் தெருச்சண்டைப் படையான எஸ்.ஏ.வுக்குத் தடை. ஜெனரல் ஷ்லைஷர் மறைவில் வேலை பார்க்க, தடையைக் கொண்டுவந்த குரோனர் மே 12-ல் ராணுவ அமைச்சர் பதவியை விட்டார். அதற்கு முந்தின நாள் புரூனிங் ரைக்ஸ்டாக்கில், இலக்குக்கு முந்தைய கடைசி நூறு மீட்டரில் நிதானம் இழக்கக் கூடாது என்ற பொருளில் பேசினார். கிழக்கில் கடனில் மூழ்கி மீள முடியாத பண்ணைகளை அரசு எடுத்து, நிலமில்லாதவர்களைக் குடியேற்றும் திட்டம் வேறு தயாராகிக்கொண்டிருந்தது. பண்ணையார்கள் அதற்கு ‘விவசாய போல்ஷ்விசம்’ என்று பேர் வைத்தார்கள். ஹிண்டன்பர்க் அந்த மே மாதத்தில் தங்கியிருந்தது கிழக்குப் பிரஷ்யாவில், தன் நொய்டெக் பண்ணையில். அக்கம்பக்கம் யார் இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மே 29 ஞாயிற்றுக்கிழமை பெர்லின் திரும்பிய ஹிண்டன்பர்க், இனி உங்கள் அவசரச் சட்டங்களில் கையெழுத்திடுவதில்லை என்று சொல்லிவிட்டார். கையெழுத்தில் நின்ற அரசு, கையெழுத்து இல்லையென்றால் இல்லை. மறுநாள் ராஜினாமா. ரைக்ஸ்டாக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பு எதிலும் அவர் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சரியாக 40 நாள் கழித்து, ஜூலை 9-ல், லோசான் மாநாடு இழப்பீட்டை 300 கோடி மார்க் கடைசித் தொகையோடு முடித்துவைத்தது. பேர் வாங்கிக்கொண்டவர் அடுத்த சான்சலர் பாப்பன்.

1933 மார்ச் 23-ல் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்துக்குப் புரூனிங் தன் கட்சியோடு சேர்ந்து ஆதரவாகத்தான் வாக்களித்தார். மே மாதம் கட்சித் தலைவர். ஜூலையில் கட்சியே இல்லை. 1934 மே மாதம் நெதர்லாந்துக்குத் தப்பினார். அடுத்த மாதக் கடைசியில் நாஜிகள் ஷ்லைஷரைச் சுட்டுக் கொன்றார்கள். பெர்லினில் இருந்திருந்தால் புரூனிங்குக்கும் அதுதான். ஹார்வர்டில் பேராசிரியர், 1950-களில் சில வருடம் கொலோனில், மீண்டும் அமெரிக்கா. வெர்மான்ட் மாநிலத்தின் நார்விச்சில் 1970 மார்ச் 30-ல் இறந்தார். சான்சலர் ஆன நாளிலிருந்து எண்ணினால் ஒருநாள் பிசகாமல் 40 வருடம்.

அந்த ஆண்டே அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. அதில், தன் உள்நோக்கம் முழுக்க முடியாட்சியை மீண்டும் கொண்டுவருவதுதான் என்கிறார். படிக்க நன்றாக இருக்கும், 26 மாதத்துக்கும் ஒரே திட்டம் இருந்தது போலத் தோன்றும். பெரும்பகுதியை அவர் எழுதியது நாடு கடந்த வாழ்க்கையில், எல்லாம் முடிந்த பிறகு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அவருடைய அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளின் அச்சிட்ட தொகுதிகளை வைத்துக்கொண்டு, ஒரே தேதியை இரண்டிலும் பார்ப்பது நல்லது. குறிப்புகளில் அரசர் வரவே மாட்டார். வேலையின்மைக் காப்பீடும், நகராட்சிக் கடனும், ரை தானிய விலையும்தான் வரும்.